அத்தையின் நெஞ்செரிச்சல்

பாவாவுக்கு, புஷ்பலதா எழுதுவது. நான் நலம். நீங்களும் நம் பிள்ளைகளும் நலமா? போனில் பேசினால் ஸ்பீக்கரைப் போட்டு அத்தையையும் கேட்க வைக்கிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

"அம்மாவுக்கு நெஞ்சு எரிஞ்சிகினே இருக்குது, மஸ்கட்டுல நல்ல மருந்தா பாத்து அனுப்பு" என்றீர்கள். அனுப்ப மாட்டேன். நான் அங்கே இருந்தவரை, "இவ கொழம்பு வெச்சே என்னைக் கொல்றா" என்று திருத்தணி முழுக்கச் சொன்னார். இப்போது சமைப்பது அவரேதானே? அப்புறம் ஏன் எரிகிறது? தினமும் ஸ்டேஷன் ரோட்டில் நீங்கள் வாங்கித் தரும் மிளகாய் பஜ்ஜி மட்டும் அன்றும் இன்றும் மாறவில்லை. அதை வாய் திறந்து சொல்ல மாட்டீர்கள்.

நான் வேலை செய்யும் இந்த வீட்டில் ஒன்பது பேர் என் சமையலைத்தான் சாப்பிடுகிறார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் முடித்த பிறகு, ஆறிப்போன மிச்சத்தை நின்றுகொண்டே தின்கிற எனக்குத்தான் எரிகிறது.

வீட்டம்மா கூப்பிடுகிறாள், முடிக்கிறேன். இங்கே வேலை பார்க்கும் சுதா லீவில் ஊருக்குப் போயிருக்கிறாள்; அவள் திரும்பும்போது, நம் தெரு மெடிக்கலில் அந்த ரோஸ் கலர் மருந்து ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்தனுப்புங்கள். அத்தைக்கு என்று சொல்லியே வாங்குங்கள். எனக்கென்று தெரிந்தால், "பாத்தியா, அவ சமையலு அவளுக்கே ஆவல" என்பார்.

புஷ்பலதா