சம்பந்தி சரி பண்ணிய கார் கண்ணாடி

என் செல்ல மகளுக்கு, அப்பா எழுதுறேன். நானும் அம்மாவும் இங்கே நல்லா இருக்கோம், அம்மாவுக்கு முழங்கால் வலி குறைஞ்சிருக்கு. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அங்கே ஒரு குறையும் இல்லாம இருக்கணும். உன் கார்தான் நல்லா இல்லைன்னு கேள்விப்பட்டேன், அதுவும் உன் வாயால இல்லை.

டிரைவர் பக்கத்துக் கண்ணாடி ஏறலையாமே, கதவு லாக் தானா விழுதாமே. முப்பத்தோரு வருஷமா கார் ஒயரிங் வேலை பாக்குற பெத்த அப்பன் குத்துக்கல்லாட்டம் இங்கே இருக்கேன், நீ போய் உன் மாமனாரைக் கேட்டிருக்கே. பூகோள வாத்தியாரா இருந்தவர், எந்த ஆறு எங்கே ஓடுதுன்னு தெரியும், ஃப்யூஸ் பெட்டி எங்கே இருக்குன்னு தெரியுமா அவருக்கு? மோட்டாரை மாத்துன்னாராம், நீயும் மாத்தினியாம், கண்ணாடி இடிச்ச புளி மாதிரி அப்படியே நின்னுச்சாம். அப்புறம் ஞாயித்துக்கிழமை அவர் சொன்ன வழியில சரியாயிடுச்சுன்னு அம்மாகிட்ட போன்ல ஒரே புகழ்ச்சி, மாமா கில்லாடின்னு. பக்கத்துலதான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன், பாதியிலேயே எழுந்து கை கழுவிட்டேன். ஆமாம், பொறாமைதான், வயித்தெரிச்சல்தான், உன்கிட்ட எனக்கென்ன வெட்கம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்த ஞாயித்துக்கிழமைக்கு ரெண்டு நாள் முன்னாடி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் மாமனார் நனைஞ்ச குடையோட என் கடைக்கு வந்தார். என் பேச்சைக் கேட்டு மருமக மோட்டாரை மாத்திட்டா, என் மானத்தைக் காப்பாத்துங்க சம்பந்தின்னு நீ அனுப்பின வீடியோவைக் காட்டினார். கதவைப் பாதி திறந்தா கண்ணாடி ஏறுது, சாத்தினா நின்னுடுதுன்னு எவ்வளவு பொறுமையா, சிரிச்சு சிரிச்சு அவருக்கு விளக்கியிருக்கே! என்கிட்ட நாலு வார்த்தைக்கு மேல பேசினது எப்போ? நீ சொன்னதிலேயே பதில் இருந்தது. கதவுக்கும் கார் பாடிக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் குழாய்க்குள்ள ஒயர் அறுந்திருக்குன்னு நான்தான் சொன்னேன். பள்ளிக்கூடப் பையன் மாதிரி நோட்டுல எழுதிக்கிட்டார், நீங்க சொன்னதா அவகிட்ட சொல்லிடாதீங்கன்னு கெஞ்சினார். சரின்னு வாக்கும் கொடுத்தேன்.

அந்த வாக்கை இப்ப மீறுறேன், ஏன்னா மனுஷன் பாதியை விட்டுட்டார். நீ வேலை முடிச்சு அனுப்பின படத்தை நேத்து பெருமையாக் காட்டினார். அறுந்த ஒயரை அந்த ரப்பருக்குள்ளேயே முறுக்கி டேப் சுத்தியிருக்கே. கதவு திறக்க மூட ஒரு மாசத்துல மறுபடி அறுந்துடும், பேரன் உள்ளே இருக்கும்போது லாக் விழுந்தா என்ன பண்ணுவே? பேட்டரியைக் கழட்டிட்டு, புது ஒயர்த் துண்டு போட்டு, ஒரு இணைப்பைக் கதவுக்குள்ளேயும் இன்னொண்ணைப் பாடிக்குள்ளேயும் வை, வளையுற இடத்துல இணைப்பே கூடாது. அதுவரைக்கும் சாவியைக் கையிலேயே வைச்சுக்கோ, சீட்டுல போடாதே.

நீ ஏன் என்னைக் கேட்கலைன்னு அம்மாகிட்ட கேட்டேன். நீங்க கத்துவீங்கன்னு அவளுக்குப் பயம்னு சொன்னா. நீ படிக்கும்போது கடையில எனக்கு டார்ச் பிடிப்பியே, ஒருநாள் வெளிச்சம் நகர்ந்துதுன்னு ரெண்டு பேர் முன்னாடி உன்னைப் பார்த்துக் கத்தினேன். டார்ச்சை கார் பானட் மேல வைச்சிட்டுப் போனவ, அப்புறம் கடைக்குள்ள காலே வைக்கலை. நீ மறந்திருப்பேன்னு நினைச்சேன். உன் மாமனார் தப்பாச் சொன்னாலும் தன்மையாச் சொன்னார், எனக்கு அதுதான் தாங்கலை.

வர்ற சனிக்கிழமை அந்தக் கதவைப் பிரிக்கும்போது எனக்குப் போன் போடும்மா. கத்த மாட்டேன். பழக்கதோஷத்துல கத்திட்டா போனை வைச்சிடு, நானே திரும்பக் கூப்பிடுறேன்.

மூணு பேரும் நோய்நொடியில்லாம நல்லா இருங்க. மாமனார்கிட்ட மட்டும் மூச்சு விடாதே, பாவம்.

இப்படிக்கு,
உன்னைப் பெத்த அப்பா