அத்தை வீடு திரும்ப ஒரு கடைசிப் பேருந்து

அனுப்புநர்:
இரவுப் பிரிவு மாவுக்காரர்,
தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்துக்கு எதிரிலுள்ள பேக்கரி, பின்வாசல்.
(விசில் டீச்சரின் தம்பி மகன் என்றால் தங்கள் பணிமனையில் எல்லோருக்கும் தெரியும்.)

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
நகரப் பேருந்துப் பணிமனை.

பொருள்: பழைய மில் வழித்தடத்தில் இரவு ஒன்பது மணிக் கடைசிப் பேருந்து நிறுத்தப்பட்டதால் என் குடும்பம் ஆளுக்கொரு திசையில் கிடப்பது, அப்பேருந்தை மீண்டும் இயக்கக் கோருவது தொடர்பாக.

மதிப்புக்குரிய மேலாளர் ஐயா அவர்களுக்குப் பணிவுடன் எழுதிக்கொள்வது:

1. நான் மேற்படி பேக்கரியில் இரவில் மாவு பிசைகிறவன். என் மனைவி சட்டைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் பிரிவில் இருக்கிறாள். எங்களுக்கு ஒரே மகள். பேக்கரியின் மாடியில் ஓர் அறையும், அதை ஒட்டிய சமையல் மூலையும்தான் எங்கள் வீடு. என் தந்தையின் அக்கா, பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர், பழைய மில் வழித்தடம் முடிகிற இடத்தில் தனியாக வசிக்கிறார். ஊரே அவரை விசில் டீச்சர் என்றுதான் அழைக்கும். விசிலைப் பள்ளியிலேயே ஒப்படைத்துவிட்டார். குரலை ஒப்படைக்கவில்லை.

2. அத்தையை யாரும் சாப்பிடக் கூப்பிடுவதில்லை. அவரே தம்மைக் கூப்பிட்டுக்கொள்வார். மாலையில் நான் தூங்கி எழும் நேரம் பார்த்துத் தொலைபேசி அடிக்கும். "இன்னைக்கு ராத்திரி அங்கதான். சோறு குழைஞ்சிடாம பாத்துக்கச் சொல்லு" என்பார். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிடுவார். மாமா உயிரோடு இருந்த காலத்தில் எப்போதாவது ஒரு நாள் என்று இருந்தது, அவர் போன பிறகு அன்றாட வழக்கமாகிவிட்டது. வந்ததும் சன்னலோர நாற்காலி அவருக்கு. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். மதியம் சமைத்ததைத் தொட மாட்டார். உணவு வரத் தாமதமானால் இரண்டு கைகளையும் தட்டுவார். என் மகள் அனிச்சையாக எழுந்து நேராக நிற்பாள். எல்லாவற்றையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இது என்ன, ஆஸ்பத்திரிச் சாப்பாடா? உப்புன்னு ஒண்ணு இருக்கிறது உன் பொண்டாட்டிக்கு யாரும் சொல்லலையா?" என்பார். அடுத்த நாள் உப்பைக் கூட்டினால், "என்னைக் கொன்னுட்டு வீட்டை எழுதி வாங்கலாம்னு பாக்குறீங்களா?" என்பார்.

3. இத்தனையையும் என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். காரணம், ஐயா, தங்கள் கடைசிப் பேருந்துதான். என்ன பேசினாலும் ஒன்பது மணிக்கு அத்தை எழுந்துவிடுவார். எதிரில் பேருந்து வந்து நிற்கும், ஏறிவிடுவார். என் மனைவி சன்னல் வழியே அந்தப் பேருந்தின் பின்விளக்கைப் பார்த்துவிட்டு, "அப்பாடா" என்று ஒரு பெருமூச்சு விடுவாள். பிறகு அத்தை சொன்னதையே சொல்லிக் காட்டி மகளைச் சிரிக்க வைப்பாள். நான் கீழே வேலைக்கு இறங்குவேன். எங்கள் குடும்பம் அந்தப் பேருந்தை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது என்பது அப்போது எங்களுக்கே தெரியாது.

4. மழைக்காலத் தொடக்கத்தில், போதிய பயணிகள் இல்லை என்ற காரணத்தால் அப்பேருந்து நிறுத்தப்பட்டதாக நிறுத்தத்தில் அறிவிப்பு ஒட்டினீர்கள். போதிய பயணிகள் இல்லை என்பது உண்மையே. பல நாட்களில் ஒரே பயணிதான். அந்த ஒருவர் என் அத்தை. ஆனால் மாலையில் அவரைக் கொண்டுவந்து இறக்குகிற பேருந்தைத் தாங்கள் நிறுத்தவில்லை. ஆளைக் கொண்டுவந்து இறக்க வண்டி உண்டு, திரும்ப ஏற்றிப் போக வண்டி இல்லை என்பது எந்த ஊர் நியாயம் ஐயா? கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்க வேண்டும். ஏழரை மணிக்கு ஒரு வண்டி இருக்கிறதே, அதற்குள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாமே என்று அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். "அவசர அவசரமா முழுங்கிட்டு ஓடுறதுக்கு இங்க என்ன ஓட்டப்பந்தயமா நடக்குது?" என்று கேட்டுவிட்டார்.

5. ஆகவே அத்தை இரவும் எங்கள் வீட்டிலேயே தங்கி, விடிந்த பிறகு தம் வீட்டுக்குப் போகத் தொடங்கினார். இருக்கும் ஒரே கட்டில் அவருக்கு. என் மனைவியும் மகளும் தரையில். அதுகூடப் பெரிதல்ல. அறையின் விளக்கை அணைக்க அத்தை விடுவதில்லை. விடிய விடிய நடுமண்டையில் விளக்கு எரிந்தால் யாருக்குத் தூக்கம் வரும்? ஒருநாள் என் மனைவி பொறுக்க முடியாமல் எழுந்து விளக்கை அணைத்துவிட்டாள். அத்தை போட்ட கூச்சலில் கீழே நான் மாவுக் கையோடு மாடிக்கு ஓடினேன். பக்கத்துக் கடைக்காரர் கதவைத் திறந்து பார்த்தார். அத்தை கட்டிலின் மேல் நின்றுகொண்டிருந்தார். "இந்தக் கரண்டு மிச்சம் பிடிச்சுத்தான் நீங்க மாளிகை கட்டப் போறீங்களாக்கும்" என்று திட்டினார். நான் மறுபடி விளக்கைப் போடும்வரை அவர் கட்டிலை விட்டு இறங்கவில்லை. வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

6. என் மனைவி விடியும் முன்னரே வேலைக்குக் கிளம்ப வேண்டியவள். துணியை அடுக்கடுக்காகப் போட்டு, மேலே அட்டையை வைத்து அளவு வரைந்து, இயந்திரத்தால் ஒரே வெட்டாக வெட்டுவது அவள் வேலை. தூக்கமில்லாத கண்ணோடு ஒருநாள் சட்டைக் கைக்கான அந்த அளவட்டையைத் திருப்பிப் போட மறந்துவிட்டாள். வெட்டிய அத்தனை கைகளும் இடது கைகள். வலது கைக்குத் துணியே மிச்சமில்லை. மேற்பார்வையாளர் அந்தக் குவியலை எல்லோர் முன்னாலும் மேசையில் கொட்டி, "இதைப் போட்டுக்க ஆள் எங்கேம்மா இருக்கான்?" என்று கேட்டாராம். சுற்றிலும் சிரித்தார்களாம். இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

7. நான் சும்மா இருக்கவில்லை என்பதைத் தாங்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். என் வேலை ஒன்பதரைக்குத் தொடங்குவதால் நான் கொண்டுபோய் விட வழியில்லை. ஆட்டோ பிடித்து அனுப்பினேன். போன ஆட்டோவிலேயே அத்தை திரும்பி வந்து நின்றார். பூட்டு திறக்கவில்லை என்றார். மறுநாள் பகலில் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு போய்ப் பூட்டுக்கு எண்ணெய் விட்டேன். வெண்ணெய் மாதிரி திறந்தது. அன்று இரவும் ஆட்டோ திரும்பி வந்தது, அன்றும் பூட்டு திறக்கவில்லையாம். புதுப் பூட்டு வாங்கி மாட்டினேன். அதுவும் திறக்கவில்லையாம். "நீ வாங்குற லட்சணம்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வேண்டுமென்றே செய்கிறார் என்று மனைவியிடம் நானே சொன்னேன்.

8. அதற்கு அடுத்த வாரம் என் மனைவி மகளை அழைத்துக்கொண்டு அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை போடவில்லை. "எனக்கு இருக்கிறது இந்த ஒரு வேலைதான். தூங்காம என்னால கத்தி பிடிக்க முடியாது. என்னைக்கு அந்தக் கடைசி பஸ் வருதோ, அன்னைக்கு நானும் வர்றேன்" என்று சொன்னாள். துணிப்பையை மகள்தான் தூக்கிக்கொண்டு போனாள். அண்ணன் வீட்டில் விசேஷம் என்று அத்தையிடம் சொல்லிவைத்தேன். அவர் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. "அப்ப இன்னைக்குச் சமையல் நீயா? விளங்கினாப்புலதான்" என்றார்.

9. மாடியில் தனியாக இருக்க நேர்ந்ததும் அத்தை கீழே பேக்கரிக்கே இறங்கி வந்துவிட்டார். மாவு மூட்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டு வேலையாட்களுக்கு முதுகை நிமிர்த்தி நிற்கக் கற்றுக்கொடுத்தார். முதலாளி என்னைத் தனியே அழைத்து, "இது பேக்கரியா, உங்க அத்தை வீடா?" என்று கேட்டார். இனி ஒருநாள் அவரை உள்ளே பார்த்தால் என்னை வெளியே பார்க்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அன்று நானும் பொறுமையிழந்து அத்தையிடம் கத்திவிட்டேன். உங்கள் வீட்டில் என்ன பேயா இருக்கிறது, ஏன் இப்படி எங்கள் உயிரை எடுக்கிறீர்கள் என்றேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டு, "உனக்கென்னடா, உன் அடுப்பு எப்பவும் எரிஞ்சுகிட்டே இருக்கு" என்றார். அதன் பிறகு அவர் சொன்னதைத்தான் இந்த மனுவில் தங்கள் பார்வைக்கு வைக்க விரும்புகிறேன்.

10. என் மாமா காலமான அன்று அத்தை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இது எங்களுக்கு முன்பே தெரியும். எங்களுக்குத் தெரியாதது இது: கடைசிப் பேருந்தில் வீடு திரும்பியபோது வீடு இருட்டாக இருந்திருக்கிறது. நாற்காலியில் மாமா உட்கார்ந்திருப்பது மட்டும் மங்கலாகத் தெரிந்திருக்கிறது. இருட்டில் உட்கார்ந்து என்ன செய்கிறீர்கள், எழுந்து விளக்கைப் போடக்கூட ஆள் தேட வேண்டுமா, சாப்பிட்டீர்களா இல்லையா என்று, செருப்பைக் கழற்றிப் புடவையை மாற்றுகிற வரைக்கும் திட்டியிருக்கிறார். பிறகுதான் விளக்கைப் போட்டிருக்கிறார். "செத்துப்போன மனுஷனை நிக்க வச்சுத் திட்டியிருக்கேன்டா" என்றார். அத்தை அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை. மாவு மூட்டையின் தையல் நூலைப் பிய்த்துக்கொண்டே இருந்தார்.

11. அதிலிருந்து இருட்டு வீட்டுக்குள் கால் வைக்க அவரால் முடியவில்லை. விளக்கைப் போட்டுவிட்டே கிளம்பலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும், நானும் கேட்டேன். ஒருமுறை அப்படிச் செய்திருக்கிறார். திரும்பி வரும்போது சன்னலில் வெளிச்சத்தைப் பார்த்ததும், மாமா விழித்திருக்கிறார் என்று ஒரு கணம் மனசு நம்பிவிட்டதாம். "அது இருட்டை விட மோசம்டா" என்றார்.

12. இங்கேதான் தங்கள் பணிமனை ஊழியர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தையின் வீட்டெதிரில்தான் பேருந்து திரும்பும். கடைசிப் பேருந்தின் டிரைவர், காது மடலில் மச்சம் உள்ளவர், வண்டியைப் பாதி திருப்பி, ஹெட்லைட் வெளிச்சம் அத்தை வீட்டு வாசலில் விழும்படி நிறுத்துவாராம். அத்தை பூட்டைத் திறந்து, உள்ளே போய், விளக்கைப் போடும்வரை வண்டி நகராது. கியர் விழவில்லை என்று சாக்குச் சொல்வாராம். "வண்டி ஓட்டத் தெரியாதவனுக்கெல்லாம் யாரு லைசென்ஸ் கொடுத்தா?" என்று அத்தையும் தினமும் திட்டியிருக்கிறார். ஒருநாள்கூட டிரைவர் அத்தையின் திட்டுக்குப் பயந்து முன்னாலேயே வண்டியை எடுத்ததில்லை. "கியரும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்குத் தெரியாதா?" என்று அத்தை என்னிடம் சொன்னார். ஆட்டோக்காரர்கள் இறக்கிவிட்ட உடனே வண்டியைத் திருப்பிவிடுவார்கள், வாசல் இருட்டாகிவிடும், அத்தை கையைத் தட்டி அதே ஆட்டோவை நிறுத்தி ஏறிவிடுவார். பூட்டு ஏன் திறக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

13. இதைத் தொலைபேசியில் மனைவியிடம் சொன்னேன். மகளை அடுத்த அறைக்குப் போகச் சொன்னாள். பிறகு, "அன்னைக்கு நான் லைட்டை அணைச்சேனே" என்றாள். வந்துவிடு என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. வந்தாலும் அதே விளக்கு, அதே தூக்கமின்மை, மறுபடி அதே இடது கைகள். அவள் மேலும் தப்பில்லை, அத்தை மேலும் தப்பில்லை. யாரையாவது குற்றம் சொல்ல முடிந்திருந்தால் இந்த மனுவைக் காவல் நிலையத்துக்கு எழுதியிருப்பேன்.

14. ஆகவே, பழைய மில் வழித்தடத்தில் இரவு ஒன்பது மணிப் பேருந்தை மீண்டும் இயக்க உத்தரவிடுமாறு மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பயணிகள் போதவில்லை என்றால், பேக்கரியில் வேலை முடிந்து போகும் பகல் பிரிவுக்காரர்களிடம் பேசியிருக்கிறேன். சிலர் அந்த வண்டியில் வரச் சம்மதித்திருக்கிறார்கள். பேருந்துக்காக மனு எழுதுவது அத்தைக்குத் தெரியும். "கெஞ்சாத. நிமிர்ந்து நின்னு கேளு" என்றார். என்னால் முடியவில்லை ஐயா, கெஞ்சியேதான் கேட்கிறேன். ஆனால் பத்தாவது பத்தி முதல் நான் எழுதியிருப்பது அவருக்குத் தெரியாது. எனவே பதிலை மாடி வீட்டுக்கு அனுப்பாமல் கீழே பேக்கரியின் பின்வாசல் முகவரிக்கே அனுப்ப வேண்டுகிறேன். முடியாது என்பதுதான் பதில் என்றாலும் அனுப்புங்கள். கேட்டேன் என்று என் மனைவியிடம் காட்டுவதற்காவது அது உதவும்.

15. இன்னொன்று. அந்த டிரைவர் வேறு வழித்தடத்துக்கு மாற்றப்பட்டுவிட்டதாக அறிகிறேன். புதியவர் வருவாரானால், அத்தை வீட்டெதிரில் வண்டியைப் பாதி திருப்பி நிறுத்தும்படி அவரிடம் சொல்லிவையுங்கள். அத்தை திரும்பிப் பார்த்து, "ஏன் நிக்கிற? போயேன்!" என்று கத்துவார். வாய்க்கு வந்தபடி திட்டுவார். அவர் என்ன சொன்னாலும், உள்ளே விளக்கு எரியும்வரை போக வேண்டாம் என்று அந்த டிரைவரிடம் சொல்லுங்கள் ஐயா.

தங்கள் பதிலுக்காகப் பின்வாசலில் காத்திருக்கும்,

(கையொப்பம்)
மாவுக்காரர், இரவுப் பிரிவு
(விசில் டீச்சரின் தம்பி மகன்)

இடம்: பேக்கரி மாடி
நாள்: வெள்ளிக்கிழமை, அத்தை வருவதற்குச் சற்று முன்