மிலிட்டரி லாரிக்கு ஏர் ஹாரன்

வியாழன், இரவு.

ஏலத்தில் எடுத்த பழைய மிலிட்டரி லாரிக்கு நேற்று ஏர் ஹாரன் மாட்டினேன். ஹாரனுக்குத் தனி டேங்க் எதற்கென்று, பிரேக் பிடிக்க வைத்திருக்கும் காற்று டேங்கிலிருந்தே குழாய் இழுத்தது என் புத்தி.

இன்று கம்பம்மெட்டிலிருந்து ஏலக்காய் மூட்டைகளோடு இறங்கும்போது வளைவுக்கு வளைவு ஆசை தீர அடித்தேன். பாதி மலையில் பிரேக் பிடிக்கவில்லை. பிரேக்குக்கான காற்றையெல்லாம் ஹாரன் குடித்துவிட்டது; காற்றழுத்த முள் சிவப்பில் கிடந்தது. கியரைக் குறைத்து, பாறையோரம் உரசி நிறுத்தினேன்.

டேங்கில் மறுபடி காற்று ஏறிய பிறகும் ஹாரனைத் தொடப் பயம். கூட வந்த என் மனைவி ஸ்டெல்லா, “நீங்க பிரேக்க மட்டும் பாருங்க” என்றாள். அடிவாரம் வரை ஜன்னலில் தலையை நீட்டி, “ஏலே, லாரி வருது, ஒதுங்கு!” என்று கத்திக்கொண்டே வந்தாள்.

இப்போது தொண்டை கட்டிப்போய்த் தூங்குகிறாள். குரல் திரும்பினால் எனக்கு இருக்கிறது கச்சேரி. திட்டட்டும். கேட்க நான் இருக்கிறேனே.