இருட்டறையில் எரிந்த விளக்கு

அன்பு மகளுக்கு,

உன் தந்தையாகிய நான் இக்கடிதத்தை எழுதும் நோக்கம், நேற்றிரவு கண்டதையும் கேட்டதையும் மறைக்காமல் உனக்குத் தெரிவிப்பதே. நானும் உன் அம்மாவும் உடம்பால் நலம். மனத்தால் எப்படி என்பதைப் படித்து முடித்தபின் நீயே சொல். தம்பிக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று, அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அது குறைந்ததால்தான் இவ்வளவும் நடந்தது.

சாமந்தி விஷயத்துக்கு வருகிறேன். துரு நோயைத் தாங்கும் செம்பு நிறச் சாமந்தியின் மகரந்தத்தைப் பெரிய வெள்ளைச் சாமந்தியில் சேர்த்து நான் எடுத்த நாற்றுகளில், நான்கு ஆண்டுகள் தேறாதவற்றைக் கழித்துக் கழித்து ஒன்றே ஒன்று தேறியது உனக்கு நினைவிருக்கும். அதன் தண்டுகளை வெட்டி நட்டு உண்டாக்கிய தொட்டிகள் அனைத்தும் பண்ணை இருட்டறையின் மூலை மேடையில் இருந்தன. இரவு நீண்டால்தான் சாமந்தி மொட்டு விடும் என்பதால் மாலையிலேயே கறுப்புத் துணியை இழுத்து மூடிவிடுவோம். ஆறு வாரத்துக்குள் மொட்டு விட்டால் புதிய வகையாகப் பதிவுக்கு அனுப்பலாம், விடாவிட்டால் வேரோடு பிடுங்கி எருக்குழியில் போட வேண்டும். அந்த விதியை எழுதியவனே நான். மற்ற மேடைகளில் பழைய வகைகள் மொட்டும் முகையுமாய் நிற்க, என் செடி மட்டும் இலையாகவே வளர்ந்துகொண்டிருந்தது. நேற்றோடு கெடு முடிந்தது. சாப்பிடும்போது, "அது தேறாது, காலையில பிடுங்கிடுவேன்" என்றேன். "ஒரு வாரம் பொறுங்களேன்" என்றாள் உன் அம்மா. "ஒண்ணுக்குச் சலுகை கொடுத்தா எல்லாத்துக்கும் கொடுக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவினேன்.

தூக்கம் வரவில்லை. கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று போனால், கறுப்புத் துணியின் இடுக்கில் வெளிச்சம். பண்ணைக் காவலரைக் கேட்டேன். அவர் நிதானமாக, "அம்மாதான் சார், தினமும் வருவாங்க. நீங்க அனுப்பித்தான் வர்றாங்கன்னு இருந்தேன்" என்றார். துணியை விலக்கிப் பார்த்தேன். உள்ளே மூலை மேடைக்கு நேர் மேலே விளக்கு எரிய, கவிழ்த்த வாளியின் மேல் உன் அம்மா உட்கார்ந்திருந்தாள். கைபேசி என் செடித் தொட்டியில் சாய்ந்திருந்தது, அதில் உன் குரல்: "படிப்பை விட்டது அப்பாவுக்கு இப்ப தெரிய வேணாம்மா. பூக்காத நாத்துன்னு என்னையும் பிடுங்கி எருக்குழியில போட்டுருவார்." அவள் சிரித்தாள். "போட்டா நான் போய்ப் பொறுக்கிட்டு வரேன், நீ முதல்ல சாப்பிடு" என்றாள்.

துணியருகே நின்று மீதிப் பேச்சையும் கேட்டேன். ஆய்வுப் படிப்பை நீ விட்டு மூன்று மாதம் ஆகிறது என்பது ஓர் அதிர்ச்சி. தம்பி உட்பட வீட்டில் எல்லாருக்கும் தெரிந்து எனக்கு மட்டும் தெரியாது என்பது அதனினும் பெரியது. நீ பேசி முடித்தபின் உன் அம்மா என்னைப் பார்த்தாள், பதறவில்லை. "வீட்டுல பேசலாம்னா உங்களுக்குப் பாம்புச் செவி. இருட்டுல என் முகம் தெரியலைன்னு புள்ள அழுதா, விளக்கைப் போட்டேன். ஒரு மணி நேர வெளிச்சத்துல என்ன குடி முழுகிப்போச்சு?" என்றாள். இரவை நடுவில் முறிக்க அந்த ஒரு மணி நேரமே போதும், செடி அதைக் குறுகிய இரவு என்றே எடுத்துக்கொள்ளும் என்று விளக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன். மொட்டு வரவில்லை என்றதும் செடியைத்தான் சந்தேகித்தேன். ஒரு நாளும் நிமிர்ந்து மேலே பார்க்கவில்லை.

செடிகளைப் பிடுங்கவில்லை. மேடையை இடம் மாற்றிச் சோதனையை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். உன் முடிவு சரி என்று இன்னும் எனக்குத் தோன்றவில்லை, அதையும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அதைச் சொல்ல நீ பயந்தாய் என்பதுதான் காலையிலிருந்து என்னை உறுத்துகிறது. எங்கே இருந்தாலும் எதைச் செய்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. குளிருக்கு அம்மா வைத்த கம்பளிச் சட்டை உன் பெட்டியின் அடியில் இருக்கிறது, எடுத்துப் போட்டுக்கொள்.

இதைப் படமெடுத்து உடனே உனக்கு அனுப்பும்படி தம்பியிடம் கொடுக்கிறேன், அவனிடம் மறைக்க இனி என்ன இருக்கிறது. இன்றிரவு வழக்கமான நேரத்துக்குச் சமையலறை விளக்கைப் போட்டு அம்மாவின் பக்கத்தில் நானும் உட்காரப் போகிறேன். நீ பேசு. கேட்கலாம் என்று நீ சொல்லும்வரை ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்.

என்றும் உன்,
அப்பா