கேலரியின் மேற்கு ஓரம்

ராஜபாளையம்
5.1.2026, திங்கள் இரவு

அன்புள்ள கனகலட்சுமி சித்திக்கு,

முனீஸ்வரி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். தீபாவளிக்கும் நீங்கள் வரவில்லை. உங்களுக்கென்று அம்மா எடுத்து வைத்த அதிரசம் பூசணம் பிடித்துப்போனது. கார்த்திகை வரை அதைத் தூக்கிப் போட விடவில்லை.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற பிரிஸ்கில்லா என்னோடு பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் உங்களுக்கு அடுத்த தெரு. தினமும் பஸ்ஸில் வந்துபோகிறாள். அம்மாவின் போன் உடைந்து கிடக்கிறது. இருப்பது அப்பாவுடையது மட்டும்தான், அதில் உங்களிடம் பேச முடியாது. அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு நீங்கள் வேலை பார்க்கிற பேரூராட்சியின் மைதானத்தில் நடக்கும் மின்னொளிக் கபடிக்கு அப்பாதான் கேலரி கட்டுகிறார். ஏழு படி. ஆயிரம் பேர் தாங்கும் என்று விழாக் குழுவிடம் சொல்லியிருக்கிறார். நேற்று அவருக்குச் சோறு கொண்டுபோனேன். அப்பாவிடம் வேலை பார்க்கிற பால்ச்சாமி மாமா இரண்டு குட்டைக் கம்புகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டி, ஒரே காலாக நட்டுக்கொண்டிருந்தார். ஒன்றில் கை வைத்தேன். உளுத்த தூள் கையில் ஒட்டியது.

"மாமா, இது தாங்குமா?" என்றேன்.

"ஏட்டி, நீ என்ன இன்சினியரா? சோத்த வச்சிட்டுக் கெளம்பு" என்றார்.

அப்பா மேலே இருந்து, "பிளெக்ஸ் கட்டிட்டா ஒண்ணும் தெரியாது. வெரசாக் கட்டுலே" என்றார்.

ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் கேலரி கட்டியவர் தன் குடும்பத்தை மேல்படியில் ஏற்றி உட்காரவைப்பது வழக்கம். கட்டியவரே மனைவி பிள்ளையை ஏற்றிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நான் மூன்று வயதிலிருந்து ஏறுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமையும் ஏற வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. எங்களுக்குப் பிறகு ஏறப்போகிற ஆயிரம் பேரை நினைத்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது.

ஆய்வுக்கு வரப்போவது நீங்கள் என்று தெரிந்து அப்பா நிம்மதியாக இருக்கிறார். "கனகா நம்ம பிள்ளதான, போட்டுருவா கையெழுத்து" என்று அம்மாவிடம் சொன்னார்.

போடாதீர்கள் சித்தி. நான் சொன்னதாகவும் சொல்லாதீர்கள்.

உங்கள் அன்பு மகள்,
முனி


ஸ்ரீவில்லிபுத்தூர்
6.1.2026

அன்பு மகள் முனிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். அதிரசத்துக்கு அக்காவிடம் நேரில் வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன். புது வேலை, புது ஆபீஸ். இளநிலைப் பொறியாளர் என்றால் சாக்கடை அடைப்பிலிருந்து தெருவிளக்கு வரை எல்லாம் என் தலையில்தான். வராததற்கு அது ஒரு காரணம். உன் அப்பாவுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை சரியில்லை என்பது இன்னொன்று. அது உனக்கே தெரியும்.

கட்டுவது சொந்த அத்தான் என்பதால் நான் மட்டும் சான்று கொடுக்கக் கூடாது. பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவரையும் கேட்டிருக்கிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு இருவரும் வருகிறோம்.

வந்ததும் நேராகப் போய் பிளெக்ஸைக் கழற்றச் சொல்லலாம். ஆனால் கம்பு நடும்போது அங்கே இருந்தது பால்ச்சாமியும் நீயும்தான். யார் சொன்னது என்று அத்தானுக்கு உடனே தெரிந்துவிடும். வேறு வழி யோசிக்கிறேன்.

ஒன்று மட்டும் நினைவுபடுத்தி எழுது. மேல்படியில் நீங்கள் எந்த இடத்தில் உட்காருவீர்கள்? நடுவிலா, ஓரத்திலா? எல்லா வருஷமும் ஒரே இடமா?

தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. பொதுத்தேர்வு வருகிறது.

அன்புடன்,
சித்தி


ராஜபாளையம்
7.1.2026, இரவு

அன்புள்ள சித்திக்கு,

பிரிஸ்கில்லா உங்கள் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "ஏட்டி, லவ் லெட்டரா?" என்றாள். என் சித்தி எழுதியது என்றேன். "சித்தியா? சே!" என்று சொல்லிவிட்டு முறுக்கு தின்னப் போய்விட்டாள். அவள் பிரித்துப் படிக்க மாட்டாள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில், மேற்கு ஓரம். போன வருஷம் கான்சாபுரத்தில் கட்டியபோதும் மேற்கு ஓரம்தான். அதற்கு முந்தைய வருஷமும் அப்படித்தான். நடுவில் உட்கார்ந்தால் ஆட்டம் நன்றாகத் தெரியுமே என்று ஒருமுறை கேட்டதற்கு, "கூட்டத்துக்குள்ள பொம்பளப்பிள்ளைய எதுக்கு? ஓரமா காத்தாட இருங்க" என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை பார்த்ததில் ஒன்றை உங்களுக்கு எழுத விட்டுவிட்டேன். மேற்கு ஓரத்தில் மட்டும் புதுச் சவுக்குக் கம்புகள். பட்டை கூட உரிக்கவில்லை. ஒட்டுப் போடாத முழுக் கம்பு. கயிற்றுக்குப் பதிலாக இரும்புக் கிளாம்பு. "புதுசெல்லாம் மேக்கால போடு" என்று அப்பா பால்ச்சாமி மாமாவிடம் சொன்னது காதில் விழுந்தது. புதுக் கம்பு அவ்வளவுதான் கிடைத்தது போல என்று அப்போது நினைத்தேன்.

மேலே உள்ளதை எழுதிவிட்டுச் செத்த நேரம் பேனாவை வைத்துவிட்டேன்.

சித்தி, நாங்கள் உட்காருகிறோம் என்பதால்தான் அந்த இடம் மட்டும் உறுதியாக இருக்கிறது. அம்மாவுக்கு இது தெரியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் அன்பு மகள்,
முனி


ஸ்ரீவில்லிபுத்தூர்
8.1.2026

அன்பு முனிக்கு,

நீ எழுதியது போதும். இனி நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் நான் என்ன சொல்கிறேனோ அதை மட்டும் செய். ஏன் என்று கேட்காதே. எனக்கு முன்பே எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. உன் பெயர் வெளியே வராது. அதற்கு நான் பொறுப்பு.

நன்றாகச் சாப்பிடு.

அன்புடன்,
சித்தி


ராஜபாளையம்
11.1.2026, ஞாயிறு இரவு

அன்புள்ள சித்திக்கு,

காலையில் நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். ஆனால் நீங்கள் கீழே நின்றீர்கள். நான் படியில் நின்றேன். அதனால் எழுதுகிறேன்.

வழக்கம்போல் அம்மாவும் நானும் மேற்கு ஓரமாக ஏறப் போனோம். நீங்கள், "அத்தான், அக்காவும் முனியும் நடுவுல போயி உக்காரட்டும்" என்றீர்கள்.

"அங்கன எதுக்கு? ஓரத்துலதான் காத்து வரும்" என்றார் அப்பா.

"காத்து வாங்கவா வந்திருக்கோம்?" என்றீர்கள். உங்களோடு வந்த சார் கூடச் சிரித்தார். அம்மா, "எங்கன உக்காந்தா என்ன" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்குப் பின்னால் நடுப்பக்கம் வந்தார். அதைப் பார்த்ததும் அம்மாவுக்குத் தெரியாது என்பது எனக்கு உறுதியாகிவிட்டது.

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் கையில் இருந்த பைலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். முதல் படி, இரண்டாவது, மூன்றாவது. நான்காவது படியில் கால் வைத்ததும் பலகை பக்கவாட்டில் ஆடியது. அடியில் கயிறு முறுகுகிற சத்தம் கேட்டது. உங்களுக்குக் கேட்டிருக்காது.

அப்போதுதான் அப்பா கத்தினார். "முனி, எறங்கு! ஏட்டி, எறங்குன்னா எறங்கு! வெள்ளத்தாயி, நீயும் எறங்கு!"

குழுத் தலைவர், "என்னப்பா சிவபாண்டி, ஒம் பிள்ளைக்கே தாங்காதா?" என்று கேலியாகக் கேட்டார். பிறகு அப்பாவே போய் பிளெக்ஸை அவிழ்த்தார். யாரும் அவரை அவிழ்க்கச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் பால்ச்சாமி மாமாதான் உங்களிடம் சொல்லிவிட்டார் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். "ஒஞ்சோலியப் பாத்துட்டுப் போ, இனிமே எம் முகத்துல முழிக்காத" என்று நடுரோட்டில் வைத்துச் சொன்னார். மாமா வண்டியிலிருந்து இறங்கி நடந்தே போனார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஒன்று கேட்கிறேன் சித்தி. அந்தக் கம்பு உளுத்தது என்று உங்களுக்குச் சொன்னது நான். நீங்கள் என்னை ஏறச் சொன்னீர்கள். அப்பா இறங்கச் சொன்னார். விழுந்திருந்தால்?

முனி


ஸ்ரீவில்லிபுத்தூர்
12.1.2026

அன்பு மகள் முனிக்கு,

கேலரிக்கு அனுமதி மறுத்து இன்று உத்தரவு போனது. முழுவதையும் பிரிக்க வேண்டும். ஆட்டம் நடக்கும், ஜனங்கள் தரையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். கயிறு கட்டி, கோட்டுக்கு வெளியே. ஆயிரம் பேர் முழுசாக வீட்டுக்குப் போவார்கள். அதை நீதான் செய்தாய்.

உன் கேள்விக்கு வருகிறேன். அது விழுந்திருக்காது. நூற்றுக்கணக்கான பேர் ஏறிக் குதித்தால்தான் அந்த ஒட்டுக் கால்கள் விலகும். ஒல்லிப்பிள்ளை நீயும் அக்காவும் ஏறினால் ஆடும், ஆனால் நிற்கும். முந்தின நாள் சாயங்காலமே யாருக்கும் தெரியாமல் போய்ப் பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் உங்களை ஏறச் சொன்னேன்.

அதை உன்னிடம் முன்பே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீ பயமில்லாமல் ஏறியிருப்பாய். உன் முகத்தில் பயம் இல்லையென்றால் அத்தான் வாயைத் திறந்திருக்க மாட்டார். உன் பெயர் வராமல் உண்மை அவர் வாயாலேயே வரவேண்டும் என்று பார்த்தேன். எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

பால்ச்சாமி இதில் மாட்டுவார் என்று நான் நினைக்கவில்லை. நான் போய் அத்தானிடம் பேசட்டுமா?

பொங்கலுக்கு இங்கே வா. இரண்டு நாள் இருந்துவிட்டுப் போ. உனக்குப் பச்சைப் பாவாடை எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
சித்தி


ராஜபாளையம்
13.1.2026

சித்திக்கு,

நீங்கள் வந்து பேச வேண்டாம். நேற்றுச் சாயங்காலம் நானே அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

அவர் பிரித்துக் கொண்டுவந்த கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான்தான் சித்திக்கு எழுதினேன், பால்ச்சாமி மாமா இல்லை என்றேன். அடிப்பார் என்று கதவை ஒட்டி நின்றேன். அவர் சுருட்டுவதை நிறுத்தவில்லை.

"எப்பலருந்து?" என்றார்.

"போன திங்கக்கெழமலருந்து."

"அம்புட்டு நாளும் பயந்துக்கிட்டா இருந்த?"

"ஆமா."

"பொறவு எதுக்குட்டி ஏறுன?"

"சித்தி சொன்னாவ."

அவர் மிச்சக் கயிற்றையும் சுருட்டி முடித்துவிட்டு, பால்ச்சாமி மாமாவுக்குப் போன் போட்டார். "ஏலே, காலைல வேலைக்கு வந்துரு. ஒண்ணும் கேக்காத, வா" என்றார். அம்மா அவருக்குச் சாப்பாட்டை வைத்துவிட்டு உள்ளே போனார். அம்மா இன்னும் அவரிடம் பேசவில்லை. மேற்கு ஓரத்துக் கதை அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது.

நீங்கள் போட்ட கணக்கு சரியாகத்தான் இருக்கும். நீங்கள் செய்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. அப்பா செய்தது சரி என்றும் சொல்லவில்லை. ஆயிரம் பேருக்கு அப்பா அந்த உளுத்த கம்பை நட்டார். எனக்கு அது தெரியும், மறக்க மாட்டேன்.

ஆனால் நான்காவது படியில் நின்றபோது, நீங்கள் கணக்குப் போட்டிருந்தது எனக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

பொங்கலுக்கு நீங்கள் கூப்பிட்டதை அப்பாவிடம் சொன்னேன். "போயிட்டு வா, சித்திதான" என்றார். பஸ் ஏற்றிவிடுவதாகவும் சொன்னார்.

எனக்குத்தான் கால் வரவில்லை.

முனீஸ்வரி