மரகதக் குளத்தில் ஒரு வாரம்

வனவிடுதி, அறை எண் 4
செவ்வாய், சாயங்காலம்

என் அருமை மருமகளுக்கு,

உன் மாமன் உயிரோடு இருக்கிறேன். அக்காவிடம் முதலில் அதைச் சொல்லிவிடு. இங்கே போன் எடுக்காது. குரங்குதான் எடுக்கிறது, என் சோப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதனால் ஜீப்காரர் கையில் இந்தக் கடிதம்.

ஓய்வு பெற்ற மாமனுக்கு இயற்கையின் மடியில் ஒரு வாரம் என்று நீ ஆசையாக அனுப்பினாய். அந்த மடி முழுக்க ஈரமும் புழுவும். முப்பத்தொரு வருடம் கழிவுநீர் லாரி ஓட்டிய எனக்கே குமட்டுகிறது என்றால் பார்த்துக்கொள்.

இன்று ‘நிம்மதியான நாள்’ என்று விடுதிக்காரர் அட்டவணையில் போட்டிருந்தார். காலையில் வழிகாட்டியோடு நடை. பத்தடி போவதற்குள் காலில் அட்டைப்பூச்சி. ஒன்றல்ல, எழுபத்துமூன்று, எண்ணினேன். ஒன்று தோட்டத்துக் குழாய் தடிமன். “ஐயா, இத்தனை கடிச்சும் அசையாம நிக்கிற ஆளை நான் பாத்ததே இல்ல” என்று வழிகாட்டி கையெடுத்துக் கும்பிட்டார். அட்டை என்பது பாம்புக்குத் தூரத்துச் சொந்தம். எட்டாம் வகுப்பிலேயே படித்தேன்.

அப்புறம் மரகதக் குளம். பெயரைப் பார். மேலே பாசி, கீழே சேறு. குச்சி விட்டுப் பார்த்தேன், நாலடி. நம் வண்டியின் குழாயை இறக்கினால் அரை மணியில் உறிஞ்சித் தள்ளியிருப்பேன். பக்கத்தில் ஒரு அம்மாள், “என்ன அழகு, என்ன அழகு” என்று உருகினாள். “அம்மா, அது அழகு இல்ல, அடைப்பு” என்றேன். எழுந்து போய்விட்டாள்.

மதியம் வலை ஊஞ்சல். ஈரச் சாக்கு நாற்றம். கீழே பழங்கள் அழுகி, புளித்து, ஈ மொய்க்கிறது. மேலே வௌவால்கள். அவை செய்ததை எழுதினால் உனக்குச் சோறு இறங்காது. புதுச் சட்டையை ஊறப் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான். கழிப்பறையில் ஒரு தவளை என்னையே முறைக்கிறது. யார் வெளியே போவது என்று இன்னும் முடிவாகவில்லை.

நாளைக்கே கிளம்பி வந்துவிடட்டுமா?

இப்படிக்கு,
அட்டைக்கும் அஞ்சாத உன் மாமன்


மருத்துவமனை ஆய்வுக்கூடம்
வியாழன்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எழுபத்துமூன்று என்றதும், “மூணா இருக்கும்” என்று சொல்லிச் சிரித்தாள்.

சனிக்கிழமை வரை அங்கேயே இருங்கள் மாமா. ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாதீர்கள். நீங்கள் கிளம்பிய ஞாயிறு சாயங்காலம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நீங்கள் இருந்தால் லாரிக் கதையைத் தொடங்கிவிடுவீர்கள் என்ற பயத்தில் நான்தான் அந்தத் தேதியில் உங்களை அனுப்பினேன். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. அவருக்கும்தான்.

அவருடைய அப்பா, “மாமா எங்கம்மா?” என்றார். நீர்வளத் துறையில் பெரிய அதிகாரி, காட்டுக் குளங்களை ஆய்வு செய்யப் போயிருக்கிறார் என்று என் வாயில் வந்துவிட்டது. இப்போது உங்களைப் பார்த்துப் பேசியே தீர வேண்டுமாம். இந்த ஞாயிறு காலை வருகிறார்கள்.

ஊருக்கே கதை விட்டவர் நீங்கள். எனக்காக இன்னொன்று. லாரியை மட்டும் மறந்துவிடுங்கள் மாமா, ஒரே ஒரு நாள்.

உங்கள் செல்ல மருமகள்


அறை எண் 4
வெள்ளி

மருமகளுக்கு,

கடிதத்தைக் குளத்தங்கரையில் உட்கார்ந்து படித்தேன். முதலில் சிரித்தேன். பொய்யிலும் என் வாரிசாகிவிட்டாளே என்று. இரண்டாம் தடவை படிக்கும்போது அருவருப்பு வந்தது. குளத்தினால் இல்லை.

ஊரெல்லாம் நிறைத்து வைத்ததை அள்ளிக்கொண்டு போனவன் நான். எத்தனை வீட்டில் மூக்கைப் பொத்திக்கொண்டு எனக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். அந்த வேலையில் ஒரு நாளும் எனக்கு அருவருப்பு வந்ததில்லை. நீ பிறந்த அன்று கை கழுவக் கழுவ நாற்றம் போகவில்லையே என்று நான் வாசலில் நின்றேன். அக்கா, “உள்ள வாடா, புள்ளைய வாங்கு” என்றாள். நீ என் கையில் அழாமல் படுத்திருந்தாய். இதில் துளியும் ஜோடனை இல்லை.

அந்த வண்டியைப் பற்றி நான் சொன்னதெல்லாம் புளுகு. மந்திரி வீட்டுக் கதை, உள்ளே விழுந்த தங்கச் சங்கிலிக் கதை, எல்லாம். ஆனால் ஓட்டியது நான்தான். அதை எப்படிம்மா மறப்பது?

உன் வாழ்க்கையைக் கெடுக்க மாட்டேன். மாமாவுக்குக் காய்ச்சல், மாமா ஊரில் இல்லை, மாமாவே இல்லை, எது தோதோ அதைச் சொல். வேறு ஆளாக மட்டும் என்னை வரச் சொல்லாதே. நான் இங்கேயே இன்னும் சில நாள் இருந்துகொள்கிறேன். பழகிவிட்டது.

மாமா


வீடு
சனி, மதியம்

மாமா,

நீங்கள் எழுதியதை அம்மா என் கையிலிருந்து வாங்கிப் படித்தாள். சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பசித்தது, ஆனால் லாரியை மறக்கச் சொல்லி எழுதிய என் கையால் சோற்றைத் தொட முடியவில்லை.

காலையில் அவருடைய அப்பாவுக்குப் போன் செய்தேன். “எங்க மாமா அதிகாரி இல்ல. செப்டிக் டேங்க் லாரி ஓட்டினவர். நான் பொய் சொல்லிட்டேன்” என்றேன். “அப்பறம் பேசறேம்மா” என்று வைத்துவிட்டார். மாப்பிள்ளையிடமிருந்தும் இதுவரை பேச்சு இல்லை.

நாளை அவர்கள் வருவார்களா, தெரியாது. விடியற்காலையில் ஜீப்காரர் உங்கள் அறைக் கதவைத் தட்டுவார். கூடத்தில் ஐந்து நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன். நடுவில் இருப்பது உங்களுடையது. மற்ற நாலும் காலியாக இருந்தால் இருக்கட்டும். வந்து உட்காருங்கள் மாமா.

நீங்கள் கையில் வாங்கிய பிள்ளை