காற்று அடித்துக்கொண்டு போன வாயு

இங்கிலாந்து, மார்ச் 1976

அன்புள்ள அத்தாவுக்கு ராபியாவின் ஸலாம். உங்கள் மூட்டுவலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன? நான் சுகம்.

நேற்று ஆய்வுக் கூட்டத்தில் முதன்முறையாகப் பேசினேன். சில நட்சத்திர மண்டலங்களில் புது நட்சத்திரங்கள் பிறப்பது ஏன் நின்றுபோகிறது என்று பேராசிரியர் கேட்டார். பதற்றத்தில் நம் கேளம்பாக்கத்துப் பேச்சே வந்துவிட்டது: "கேஸையெல்லாம் காத்து அடிச்சிகினு பூட்ச்சு சார்!"

எல்லோரும் விழித்தார்கள். நானே சிரித்துவிட்டு ஆங்கிலத்தில் விளக்கினேன். நட்சத்திரம் உருவாக வாயு வேண்டும். வேகமாக ஓடும் மண்டலத்தின் மேல் வெளியே உள்ள சூடான வாயு எதிர்க்காற்றாக மோதி, உள்ளே இருக்கும் வாயுவைத் துடைத்தெடுத்துவிடுகிறது. பேராசிரியர் எழுந்துவந்து கைகொடுத்தார். இதற்காக நான் போட்ட கணக்கு ஆய்விதழில் அச்சாகப் போகிறது, அத்தா! "பொண்ண ஏன் அனுப்புற?" என்று பேஜாரு பண்ணிய மாமாவிடம் அவசியம் சொல்லுங்கள்.

மீன்குழம்புக்கு என்ன அரைப்பது என்று அம்மாவைச் சொல்லச்சொல்லி எழுதியனுப்புங்கள். நடுவில் என்னைத் திட்டினால் அதையும் விடாமல் எழுதுங்கள்.

தபால் வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் ராபியா